40 பிட் பூட்டும் ரொறன்ரோவும்

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கேல்லை. பரீட்சை, பகுதிநேர வேலை, போதாக்குறைக்கு ஸ்னோ. ஆனா போன கிழமை வேலையில நடந்த ஒண்டை எழுதாமல் விட மனம் வரேல்லை. கணினிக்காரர் இல்லாதவையும் வாசிக்கலாம், பயப்பிடாதேங்கோ :-)

எங்கட வேலையிடத்தில ஒரு பழைய மென்பொருள் இருக்கு. அதுக்குள்ள இருக்கிற குறியாக்க லைப்ரரி ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1. அதுக்கான இலவசப் பராமரிப்பு 2023 செப்டெம்பரோட முடிஞ்சுது. "3 ஆம் பதிப்புக்கு மாத்து தம்பி" எண்டு அண்ணை (எனக்கு மேல வேலை செய்யிறவர்) சொன்னார். மாத்தினன். எல்லாம் ஓடினது, ஒரு சான்றிதழ்க் கோப்பைத் தவிர. அது திறக்க மாட்டன் எண்டு அடம் பிடிச்சுது. பிழைச்செய்தியில கிடந்த பெயர்: ஆர்சி2-40. அதாவது 40 பிட் சாவி. இந்தக் காலத்தில ஆர் 40 பிட்டில பூட்டுறது?

பதில் தேடப்போய்த்தான் இந்தச் சரித்திரம்.

1990களில் அமெரிக்காவுக்குக் குறியாக்கம் எண்டால் துவக்கு, குண்டு மாதிரி. 1996 வரைக்கும் ஆயுதப் பட்டியலிலேயே வைச்சிருந்தவை. வெளிநாட்டுக்கு விக்கிற மென்பொருளில பலமான பூட்டு இருக்கேலாது. 40 பிட் எண்டால் இலகுவா அனுமதி கிடைக்கும். 40 பிட்டில வரக்கூடிய சாவிகள் ஏறக்குறைய ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் கோடி. பெரிசாத் தெரியும். ஆனா 1995 ஓகஸ்டில் பிரான்சில டாமியன் டொலிஜே எண்ட ஆய்வாளர், 120 கணினிகளை வைச்சு 8 நாளில அப்பிடி ஒரு பூட்டை உடைச்சுக் காட்டிட்டார்.

இந்தச் சட்டத்தால நல்ல லைப்ரரிகள் அமெரிக்காவுக்கு வெளியில பிறந்தன. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் தாயான எஸ்எஸ்எல்ஈயை 1995 இல் எழுதினவை எரிக் யங், ரிம் ஹட்சன் எண்ட இரண்டு அவுஸ்திரேலியர். ஓப்பன்பிஎஸ்டி கல்கரியில வளர்ந்தது.

எங்கட ரொறன்ரோவும் இதில இருக்கு. இணையப் போக்குவரத்து முழுவதையும் பூட்டவேணும் எண்டு ஜோன் கில்மோர் எண்ட அமெரிக்கர் ஃப்ரீஸ்வான் திட்டத்தைத் தொடங்கினார். ஆனா அமெரிக்கர் ஒருத்தர் எழுதின ஒரு வரியைக்கூட அதில சேர்க்கேலாது. அதனால முக்கியமான வேலையைச் செய்தவை ரொறன்ரோக்காரரான ஹென்றி ஸ்பென்சரும் ஹியூ ரெடல்மையரும். திட்டம் 2004 இல் நிண்டுபோனாலும் அதிலிருந்து கிளைச்ச ஸ்ட்ரோங்ஸ்வான் இண்டைக்கும் ஓடுது.

2000 ஜனவரியில் அமெரிக்கச் சட்டம் தளர்ந்தது. சட்டம் போனாலும் 40 பிட் போகேல்லை. பழைய கோப்புகளோட ஒத்துப்போகவேணும் எண்டு அந்தச் சான்றிதழ்க் கோப்பு வகைக்கு 1.1.1 வரைக்கும் அதையே இயல்பா வைச்சிருந்தவை. என்ர கோப்புக்குள்ள இருந்தது அதுதான்.

நிற்க. "அப்ப எல்லாத்தையும் உடன புதுசா மாத்தினாச் சரி" எண்டு நினைப்பியள். நானும் நினைச்சனான்.

2006 இல் டெபியன்காரர் ஓப்பன்எஸ்எஸ்எல்லில ஒரு எச்சரிக்கையை நிப்பாட்ட எண்டு இரண்டு வரியை எடுத்துவிட்டினம். அதோட, சாவி உருவாக்கேக்க சேரவேண்டிய தற்செயல் எண்களும் போச்சு. ஒவ்வொரு வகைக்கும் வரக்கூடிய சாவிகள் 32,768 தான். 2008 மே மாதம் வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது.

பிறகு 2014 ஏப்ரல் 7. ஹார்ட்பிளீட். எங்கட அடைவு கடையை நினையுங்கோ. ஒரு மோதிரத்தை அடைவு வைச்சிட்டு, மீட்கப் போகேக்க "நான் வைச்சது 64 நகை" எண்டு சொல்லுறியள். கடைக்காரர் துண்டைப் பார்க்காமல் பக்கத்தில கிடக்கிற மற்ற ஆக்களின்ர நகையையும் அள்ளித் தாறார். ஓப்பன்எஸ்எஸ்எல் செய்தது அதுதான், ஒரு தரத்துக்கு 64 கிலோபைட் வரைக்கும். பிழை வந்தது 2012 மார்ச்சில வெளியான 1.0.1 இல். பழைய 0.9.8 ஐ மாத்தாமல் சோம்பேறியா இருந்தவை தப்பிட்டினம்!

கனடிய வருமானவரித் திணைக்களம் தன்ர இணையச் சேவையை மூடினது, வரி கட்டுற காலத்தில. அதுக்குள்ள ஏறக்குறைய 900 பேரின்ர சின் நம்பர் களவு போச்சு. கடைசித் திகதியை ஏப்ரல் 30 இலிருந்து மே 5 ஆக்கிச்சினம். ஸ்காபரோவில இருக்கிற என்ர மாமா சொந்தக்காரர் எல்லாருக்கும் சாப்பாட்டு மேசையில ரக்ஸ் செய்து குடுக்கிறவர். பாதிக்கப்பட்டவைக்குப் பதிவுத் தபால்தான் வரும், ஃபோன் வராது எண்டு திணைக்களம் அறிவிச்சதாம். "ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நிண்டனடா, என்னை நம்பித்தானே சனம் நம்பரைத் தந்தது" எண்டார் மாமா. நல்ல காலம், ஒருத்தருக்கும் வரேல்லை.

உலகமே நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு அதுக்கு முதல் வந்த நன்கொடை வருசத்துக்கு ஏறக்குறைய 2,000 டொலர்தான். முழுநேரமா வேலை செய்தது ஒரு ஆள். நாங்கள் மாத்துறமோ இல்லையோ எண்டு மட்டும் பார்க்கிறம். அதை எழுதுறவர் சாப்பிட்டாரோ எண்டு பார்க்கிறேல்லை.

2024 மார்ச்சிலும் இதே கதை. எக்ஸ்சட் எண்ட சுருக்க லைப்ரரியின்ர 5.6.0, 5.6.1 பதிப்புகளில ஆரோ கள்ள வாசல் வைச்சது பிடிபட்டுது. அகப்பட்டவை முந்திக்கொண்டு புதுசாக்கினவை.

"அப்ப மாத்துறது நல்லதோ, மாத்தாமல் விடுறது நல்லதோ?" எண்டு மாமா கேட்டார். மாத்தத்தான் வேணும் மாமா, ஆனா என்னத்தை, ஏன் மாத்துறம் எண்டு வாசிச்சுப்போட்டு மாத்தவேணும் எண்டன்.

அண்ணை சொன்ன வழி லேசு: பழைய முறைகளை அனுமதிக்கிற பகுதியை நிரந்தரமாத் திறந்து விடு, அஞ்சு நிமிச வேலை. நான் ஒரு நாள் கேட்டன். மூஞ்சையைச் சுழிச்சாலும் தந்தார். அந்தப் பகுதியை ஒரேயொருக்காத் திறந்து, கோப்பை எடுத்து, ஏஈஎஸ்-256 ஆல திரும்பப் பூட்டி, பழைய வாசலை மூடிட்டன்.

உங்கட இடத்திலயும் இப்பிடி ஏதாவது 40 பிட் கிடக்கும். ஒருக்காத் தேடிப் பாருங்கோ, கிடைச்சால் எனக்கும் சொல்லுங்கோ.