ஊமைத்துரையும் வசனமும்

பி. ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) படத்தில் சோகம் யாருடையது என்று கேட்டால், வெள்ளையத்தேவனுடையது என்று உடனே பதில் வரும். ஜெமினி கணேசன் நடித்த பாத்திரம். ஜல்லிக்கட்டுக் காளையை அடக்கி வெள்ளையம்மாளை மணந்தவன். போருக்குப் புறப்படும்போது, கெட்ட கனவு கண்ட மனைவி கெஞ்சித் தடுத்தும் நிற்காமல் போய்ச் சாகிறவன். பத்மினியின் முகமும் ஜி. ராமநாதனின் இசையும் சேர்ந்து அந்த இடத்தில் கொட்டகையை அழ வைத்தன. இதில் பொய் ஒன்றுமில்லை. கதைப்பாடல்களில் வரும் பகதூர் வெள்ளையின் மீது ஒரு குடும்பக் கதையைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நாயகன் சாவதற்கு முன்னால் அவனுக்கு வேண்டிய ஒருவன் சாக வேண்டும் என்பது சரித்திர நாவல்களிலிருந்து நாடகத்துக்கும், நாடகத்திலிருந்து ஸினிமாவுக்கும் வந்து சேர்ந்த வழக்கம்.

என் சந்தேகம் வேறு. அந்தப் படத்தில் உண்மையாகவே துயரப் பாத்திரம் ஒன்று இருக்கிறது. படம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஓ. ஏ. கே. தேவர் ஏற்ற ஊமைத்துரையைச் சொல்கிறேன்.

படம் கயத்தாற்றுத் தூக்குமரத்தில் முடிகிறது: 1799 அக்டோபர் 16. ஊமைத்துரையின் சரித்திரம் அதன் பிறகுதான் ஆரம்பம். பாளையங்கோட்டைச் சிறையில் ஒன்றரை வருஷம் போலக் கிடந்துவிட்டு, 1801 பிப்ரவரி 2ந் தேதி தப்பிக்கிறார்கள். கும்பினியார் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்து நிற்கிறது. மெக்காலேயின் படை வந்து பார்த்துத் திகைத்துத் திரும்புகிறது. தூத்துக்குடி அவர்கள் கைக்கு வருகிறது. பிடிபட்ட துறைமுக அதிகாரியை, அவன் மனைவி வந்து கெஞ்சியதன் பேரில், விட்டுவிடுகிறார்கள். மார்ச் 31ல் கோட்டையைத் தாக்கிய வெள்ளைக்காரர்கள் பலத்த சேதத்தோடு பின்வாங்குகிறார்கள். கர்னல் அக்னியூ பெரும் படையோடு வந்த பிறகு, மே 24ல்தான் கோட்டை விழுகிறது. 1799ல் தமையன் கோட்டையைக் காத்தது சில நாட்கள். 1801ல் தம்பி காத்தது மூன்று மாதங்களுக்கும் மேல். ஆனால் நம் மனசில் கோட்டை என்றால் கட்டபொம்மன்தான்.

இதற்குக் காரணம், படம் 1799ல் நின்றுவிட்டது என்பது மட்டுமல்ல. சக்தி கிருஷ்ணசாமியின் நாடகம் மேடையில் வெற்றி பெற்று, பிறகு படமானது. அதன் ஜீவன் முழுவதும் வசனத்தில் இருக்கிறது. ஜாக்ஸன் துரையின் முன் சிவாஜி கணேசன் பேசியதைப் பள்ளிக்கூடப் பையன்கள் ஒப்பித்தார்கள். வீரம் என்றால் பேச்சு என்று ஒரு தலைமுறையே நம்பியது. அந்த நம்பிக்கை மேடைப் பேச்சு அரசியலுக்கும் தோதாக இருந்தது. நன்றாகப் பேசியவன் நாயகன். பேச்சு வராத காரணத்தால் ஊமை என்றே பெயர் பெற்றவனுக்கு இந்த அமைப்பில் என்ன இடம் கிடைக்கும்? துணைப் பாத்திரம்தான்.

அந்த மௌனத்தைப் பதிவு செய்தவன் எதிரி. 1801 போரில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830ல் தன் ராணுவ நினைவுகளை வெளியிட்டான். மெலிந்த, நோயாளி போன்ற உடல். ஆனால் ஜனங்கள் அவரைத் தெய்வமாகக் கொண்டாடினார்கள், அவருடைய சிறு சைகையும் அவர்களுக்கு வேதவாக்கு என்கிறான். வைக்கோல் துணுக்குகளை இடது உள்ளங்கையில் அடுக்கி வைப்பாராம். அது வெள்ளைக்காரப் படை. பிறகு வலது கையால் ஒரே வீச்சாக வழித்துத் தள்ளி, வாயால் ஒரு சீறல். தாக்குதலுக்கு உத்தரவு அதுதான். ஜனங்களுடைய பக்தியை மூடத்தனம் என்று எள்ளுகிற வெல்ஷுக்குக்கூட இதை எழுதாமல் விட முடியவில்லை. எவ்வளவு கச்சிதமான ஸினிமா இது! காமிராவுக்கென்றே அமைந்தது, ஒரு சொல் வேண்டாம். தமிழ் ஸினிமா இதைத் தொடவில்லை என்பது எனக்கு அதன் பேச்சுப் பித்தின் மீதான தீர்ப்பாகவே படுகிறது.

வெல்ஷ் சொல்லும் இன்னொரு சம்பவம் உண்டு. கோட்டை விழுந்தபின், ஒரு கிராமத்துப் பெண் தன் ஒரே மகனைத் தேடிப் பிணங்களுக்கிடையே வருகிறாள். மகன் குற்றுயிராகக் கிடக்கிறான். என்னை விடு, பக்கத்தில் சாமி காயம்பட்டுக் கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்கிறான். அவள் அப்படியே செய்கிறாள். ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போய் ஊரில் மறைக்கிறார்கள். எட்டயபுரத்தார் தேடி வந்தபோது, துணியைப் போர்த்தி, அம்மையில் செத்த பிணம் என்கிறார்கள் பெண்கள். வந்தவர்கள் ஓடிவிடுகிறார்கள்.

இந்த மகனுக்கு வெல்ஷ் பெயர் தரவில்லை. வெள்ளையத்தேவனின் சாவுக்கு ஒரு பாட்டும் ஒரு மனைவியும் கிடைத்தார்கள். இவன் பக்கத்தில் வந்து நின்ற தாயையும் இவனே அனுப்பிவிட்டான். துணைப் பாத்திரத்துக்கும் துணைப் பாத்திரமான இவன் இல்லாவிட்டால் ஊமைத்துரை மருதிருவரிடம் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அந்த வருஷத்துப் போர் சிவகங்கைச் சீமையில் அப்படித் தொடர்ந்திருக்காது. கண்ணதாசன் தயாரித்த 'சிவகங்கைச் சீமை'யும் அதே 1959 மே மாதத்தில்தான் வந்தது. அங்கேயும் ஊமைத்துரை அடைக்கலம் கேட்டு வருகிறவர், கதை மருதிருவருடையது. ஒரே மாதத்தில் இரண்டு படங்கள், இரண்டிலும் அவர் பக்கவாட்டில் நிற்கிறார்.

1801 நவம்பர் 16ல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே அவரைத் தூக்கிலிட்டார்கள். இன்று அங்கே நாம் பார்ப்பது 1974ல் அரசாங்கம் எழுப்பிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையின் அடித்தளம் பக்கத்தில் தரையோடு கிடக்கிறது. கயத்தாற்றில் சிவாஜி கணேசன் 1970ல் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தார். நடிகர் தம் பாத்திரத்துக்குச் செய்த மரியாதையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சரித்திரத்தில் யார் முக்கியம், யார் துணை என்ற வரிசையை நமக்காக ஒரு வசனகர்த்தா தீர்மானித்துவிட்டதையும், நாம் அதைக் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டதையும் இனியாவது பரிசீலிக்க வேண்டும். நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலையும் வெல்ஷையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்கலாம். எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது பேசாமல் நிற்கிறவனைக் கவனித்தால் போதும்.