இரண்டு சூரியோதயம் கண்ட விமானம்



இரண்டு ஊர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பது மாறாது. எவ்வளவு நேரம் என்பதுதான் மாறிக்கொண்டே இருக்கும். ஏன் என்பதற்கு இந்துமகா சமுத்திரத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்த விமானத் தடம் அறுந்துபோயிற்று. மிச்சமிருந்தது ஒரே வழி. பெர்த் நகரின் ஸ்வான் நதியில் கிளம்பி, இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரியில் இறங்க வேண்டும். சுமார் 5,650 கிலோமீட்டர், நடுவில் எங்கேயும் நிற்காமல்!

1943 நடுவில் குவாண்டாஸ் நிறுவனம் இதைத் தொடங்கியது. கையிலிருந்தவை ஐந்து கேட்டலினா படகு விமானங்கள். தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே எழும்புபவை. ஆளுக்கு இரண்டு இன்ஜின். வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 28 மணி நேரம்! காற்று எதிர்த்தால் இன்னும் கூடும். ஒரு பயணம் 32 மணி 9 நிமிடம் பிடித்தது. வானத்திலேயே இரண்டு சூரியோதயம் பார்த்துவிடுவார்கள். அதற்காகப் பயணிகளுக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்களாம்!

அவ்வளவு தூரம் போக சுமார் 9,000 லிட்டர் பெட்ரோல் வேண்டும். புறப்படும்போது இருந்த மொத்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு பெட்ரோலே. மற்ற எடையை எங்கே குறைப்பது? பனிக்கட்டி படியாமல் தடுக்கும் கருவியைக் கழற்றினார்கள். உள்ளே இருந்த இன்சுலேஷனையும் எடுத்துவிட்டார்கள். கடைசியில் இடம் கிடைத்தது மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே. ஆனால் அந்த 69 கிலோவில் போர்முனையிலிருந்த பிள்ளைகளின் கடிதங்கள் இருந்தன.

கிளம்பிய முதல் சில மணி நேரத்தில் ஒரு இன்ஜின் நின்றால், அந்தக் கனத்தோடு மற்றொன்றால் தாக்குப்பிடிக்க முடியாது. எதிரி ரோந்து வரும் பகுதியை இருட்டில் கடக்க வேண்டும். ஆயுதம் கிடையாது, ரேடியோவில் பேசக்கூடாது. வழி காட்டியவை நட்சத்திரங்கள்தான். இப்படி 1945 ஜூலை வரை 271 தடவை கடலைக் கடந்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. போர் முடிந்ததும், குத்தகை ஒப்பந்தப்படி அந்த ஐந்து விமானங்களையும் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.

2018 மார்ச்சில் அதே பெர்த்திலிருந்து லண்டனுக்கு நிற்காத விமானம் தொடங்கியது. சுமார் 14,500 கிலோமீட்டரை ஏறக்குறைய 17 மணி நேரத்தில் கடக்கிறது. இன்ஜின் வளர்ந்துவிட்டது. ஆனால் பெட்ரோலுக்கும் சுமைக்கும் நடக்கும் இழுபறி மாறவே இல்லை.

தம்பி தங்கைகளே, டிசைன் வகுப்பில் எதைச் சேர்ப்பது என்றுதான் அதிகம் படிக்கிறோம். எதை விட்டுக்கொடுப்பது, எதை மட்டும் விடவே கூடாது என்று தெரிந்துகொள்வதும் பொறியியல்தான். அந்த 69 கிலோ தபாலை அவர்கள் விடவில்லை.