பழைய கார் டயர் பழுப்பாக மாறுவது ஏன்? தேய்ப்பதற்கு முன் இதைப் பாருங்க!

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடுகளில் அம்பாசிடர், பத்மினி போன்ற பழைய கார்களை இன்னும் பார்க்கலாம். வீட்டுக்காரங்க சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பாங்க. கல்யாணம், படைப்பு என்றால்தான் கார் ஷெட்டை விட்டு வெளியே வரும். அப்போது கண்ணை உறுத்துவது டயரின் பக்கவாட்டில் படிந்திருக்கும் பழுப்பு நிறம். செம்மண் புழுதின்னு நினைச்சு தண்ணி ஊத்தினா போகாது.

பழுப்பு எங்கிருந்து வருகிறது?

ரப்பருக்கு உள்ளிருந்துதான். காற்றில் உள்ள ஓசோன் ரப்பரில் விரிசல் விழ வைக்கும். அதைத் தடுக்க டயரில் 6பிபிடி என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அது மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து, ரப்பருக்குப் பதிலாகத் தானே ஓசோனுடன் வினைபுரியும். மிஞ்சுவது இந்தப் பழுப்பு. அதாவது, டயர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டதன் அடையாளம். வெள்ளைப் பட்டை டயர் மஞ்சளாவதும் ஏறக்குறைய இதே கதைதான். பக்கத்தில் உள்ள கருப்பு ரப்பரின் எண்ணெய் வெள்ளையில் ஊறிவிடும்.

டயரில் பாதுகாப்புக்காக மெழுகும் உண்டு. வண்டி ஓடி, ரப்பர் நெளிந்தால்தான் அது சரியாக வெளியே வரும். மாதக்கணக்கில் நின்ற காரில் பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருக்கும், பக்கவாட்டில் மட்டும் விரிசல் விட்டிருக்கும். ஆபத்து பழுப்பில் இல்லை, இந்த விரிசலில்தான்.

அதனால் பிரஷ்ஷை எடுக்கும் முன் தேதியைப் பாருங்க. டி.ஓ.டி. எழுத்துகளுடன் தொடங்கும் குறியீட்டின் கடைசி 4 இலக்கம் 2316 என்றிருந்தால், 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. வெளிப்பக்கம் இல்லாவிட்டால் உள்பக்கம் இருக்கும். 3 இலக்கம்தான் இருக்கிறதா? 2000-க்கு முந்தைய டயர், யோசிக்காமல் மாற்றுங்க. 10 ஆண்டு தாண்டினாலே மாற்றச் சொல்கின்றன பல டயர் நிறுவனங்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம்.

எப்படிச் சுத்தம் செய்வது?

டயர் சூடு ஆறிய பிறகு நிழலில் நிறுத்தி நனைத்து, சோப்புக் கரைசலும் நைலான் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்தால் போதும். நுரை பழுப்பாக வரும். வெளுக்கும் வரை இரண்டு மூன்று முறை செய்யணும். வெள்ளைப் பட்டைக்கு சமையல் சோடாவைக் குழைத்துப் பூசித் தேய்க்கலாம். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம்.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் உடனே கருகருன்னு மின்னும், உண்மைதான். ஆனால் ரப்பர் ஊறிப் பலவீனமாகும். பளபளப்பு வேணும்னா தண்ணீர் கலவையாக வரும் டயர் பாலிஷை, காய்ந்த டயரின் பக்கவாட்டில் மட்டும் மெல்லிசாகப் பூசுங்க. பட்டனில் பட்டால் ரோட்டில் வழுக்கும்.

கழுவும் இடம் ஊரணிக் கரையாக இருக்க வேண்டாம். 6பிபிடி ஓசோனுடன் சேர்ந்து உருவாகும் ஒரு பொருள்தான் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாண ஆய்வாளர்கள் 2020-ல் கண்டறிந்தார்கள்.