கரைந்த உப்பின் கணக்கு

இந்த உப்பின் பிறப்பு தூத்துக்குடி உப்பளப் பாத்தியில். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஒரு கிலோ உப்பு கிடைக்க ஏறக்குறைய 28 லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். அதற்கான வெப்பத்தை மின்சாரமாகக் கணக்கிட்டால் 19 யூனிட் வரும். அத்தனையையும் வெயிலே கொடுத்துவிடுகிறது. கல் உப்பு மலிவாக இருப்பது அதனால்தான்.

அந்த உப்பில் ஒரு பங்கு ஆட்டுத்தோலுக்குப் போகிறது. உரித்த தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உப்பைத் தேய்த்து அடுக்குவார்கள். உப்பு சேர்ந்த நீரின் கட்டிலா ஆற்றல் (free energy) தனி நீரைவிடக் குறைவு. நீர் அந்தக் குறைந்த பக்கம் நோக்கியே நகரும். தோலுக்குள்ளிருந்தும் பாக்டீரியாவுக்குள்ளிருந்தும் அது வெளியேற, தோல் அழுகாமல் திண்டுக்கல் வந்து சேர்கிறது.

தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், முதல் வேலை ஊறவைப்பது. தொட்டி நீரில் உப்பு கரையத் தொடங்குகிறது. ஒரு மோல், அதாவது 58.5 கிராம், கரையும்போது 3.9 கிலோஜூல் வெப்பத்தை நீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. நீர் சற்றே குளிர்கிறது. வெப்பத்தை விழுங்கும் ஒரு மாற்றம் யாரும் தூண்டாமல் ஏன் நடக்கிறது? எனக்கு வேதியியலில் மிகப் பிடித்த கேள்வி இது. படிகத்தில் வரிசை பிசகாமல் நின்ற சோடியம், குளோரைடு அயனிகள் இப்போது தொட்டியெங்கும் திரியலாம். அவை அமையக்கூடிய விதங்கள் எண்ணிலடங்காமல் பெருகுகின்றன. கிளாசியஸ் 1865இல் பெயர் சூட்டிய என்ட்ரோபியை இப்படி விதங்களின் எண்ணிக்கையோடு இணைத்தவர் போல்ட்ஸ்மன். அந்த என்ட்ரோபி உயர்வைக் கெல்வின் வெப்பநிலையால் பெருக்கினால் 25 டிகிரி செல்சியஸில் 12.9 கிலோஜூல். கிப்ஸ் வகுத்தபடி 3.9இலிருந்து அதைக் கழித்தால் மைனஸ் 9. கட்டிலா ஆற்றல் குறைகிறது, உப்பு கரைகிறது.

ஊறல் தண்ணீர் வெளியே போனது. திண்டுக்கல் சமவெளியில் கிணறுகள் கரித்தன, கொடகனாறும் கெட்டது. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கரைந்த உப்பை மீட்பதோ வேறு கணக்கு. எவ்வளவு நீர்த்துப்போகிறதோ, ஒவ்வொரு மோலையும் பிரித்தெடுக்கும் குறைந்தபட்சச் செலவு அவ்வளவு ஏறும். சவ்வூடு பிரிப்புக்கு மின்சாரம், ஆவியாக்கிக்கு விறகோ நிலக்கரியோ. இங்கே பெருமளவில் மனிதர்தான் பணம் கட்ட வேண்டும்.

ஆகவே நான் பெரிதாக மதிப்பது ஊறலுக்கு முன் தோலை உதறும் அந்தச் சிறு வேலையை. தோல்மேல் ஒட்டியிருக்கும் உப்பு இன்னும் படிகம்தான்; கையால் தட்டியோ, சுழலும் உருளைக்கூண்டில் போட்டோ அதில் கணிசமான பங்கை உதிர்த்துவிடலாம். தப்பிய பங்கு சுத்திகரிப்பு நிலையத்தில் பிற உப்புகளோடு கலந்து மூட்டையாகிறது, வாங்குவோர் அரிது. மழை பட்டால் திரும்பவும் கரைந்துவிடும், ஆகவே அதற்குக் கூரை வேண்டும்.