நின்ற வண்டி

ரயிலைப் பற்றி நமக்குள்ள பெரிய புகார், அது நேரத்துக்கு வருவதில்லை என்பதுதான். பத்து நிமிஷம் தாமதமானால் போதும். பிளாட்பாரத்தில் நிற்கும் அத்தனை பேரும் கடிகாரத்தையும் ஸ்டேஷன் மாஸ்டரையும் மாறி மாறி முறைத்துப் பார்ப்போம். ஓடுவதுதான் ரயிலுக்குப் பெருமை என்பது நம் எண்ணம். ஆனால் நம் சீமையின் ரயில் சரித்திரத்தைப் புரட்டும்போது, மழையிலும் புயலிலும் அதன் பெருமை வேறு இடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

1956 நவம்பர் 23. கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்த காலம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ், விடியற்காலையில் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்துக்கு வந்தது. பாலத்தை வெள்ளம் அரித்திருந்தது. எஞ்சினும் பல பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. தூக்கத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமாச் செய்தார். அதே வருஷம் மகபூப்நகரில் நடந்த விபத்தின்போதே அவர் விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. இம்முறை ஏற்றுக்கொண்டார். அரியலூர் என்றதும் இந்த ராஜினாமாதான் நம் நினைவுக்கு வரும். உயர்ந்த செயல், சந்தேகமில்லை. ஆனால் கதை எழுதுகிற என் மனம் டில்லிக்குப் போவதில்லை. எஞ்சினில் நின்ற டிரைவரிடமே போகிறது. பாலத்தின் கதி தெரிந்திருந்தால் எந்த டிரைவர் வண்டியை அதன்மேல் ஏற்றுவார்? ஆறு அறிந்திருந்த செய்தி அவருக்கு எட்டவில்லை. அவ்வளவுதான்.

எட்டு வருஷம் கழித்து, 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாசஞ்சர் வண்டி கிளம்பியது. தனுஷ்கோடியை நெருங்கும் சமயம் கடல் எழுந்து வந்து வண்டியை மூடியது. அதிலிருந்த நூற்றுக்கும் அதிகமான பிரயாணிகளில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126 போயின. ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினீயரின் பொறுப்பில் 46 நாட்களில் பாலத்தைச் செப்பனிட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் திரும்பப் போடவில்லை. மணலில் இடிந்து நிற்கும் அந்த ஸ்டேஷன் சுவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை.

பின்னாளில் பாம்பன் பாலத்தில் காற்றை அளக்கும் கருவி ஒன்றை வைத்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் சிக்னல் சிவப்பாகிவிடும்படி செய்திருந்தார்கள். வண்டி நிற்க வேண்டியதுதான். சின்ன ஏற்பாடு. ஆனால் அதில் தனுஷ்கோடியின் பாடம் அடங்கியிருக்கிறது.

அந்தப் பாடத்துக்கு 2023 டிசம்பர் 17 இரவு ஒரு சோதனை வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸில் சுமார் 800 பேர். அந்த ஒரு நாள் பொழுதில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடிச் சீமையில் ஒரு வருஷம் முழுவதும் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் வெள்ளம் ஜல்லியை அடித்துப்போக, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அந்தச் செய்தி வண்டிக்கு முன்னால் வந்து சேர்ந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் வண்டியை நிறுத்திவிட்டார்கள்.

பிரயாணிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சுற்றிலும் தண்ணீர், கைக்குழந்தைகள், முதியவர்கள், பசி, இருட்டு. பக்கத்துக் கிராமத்தார் சமைத்துக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரில் உணவு வந்தது. 19ஆம் தேதிதான் எல்லோரும் கரையேறினார்கள். 'ஏன் நிறுத்தினீர்கள்?' என்று அந்த இரவு யாராவது கோபித்திருந்தால் அதுவும் மனித சுபாவம்தான்.

இனி இப்படிப்பட்ட இரவுகள் அதிகமாகும் என்கிறார்கள் வானிலை அறிஞர்கள். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 சதவிகிதம் கூடுகிறது. பெய்தால் ஒரேயடியாகக் கொட்டிவிடுகிறது. நம் பாலங்களின் கண்களோ, பழைய மழைக்கணக்கைப் பார்த்துக் கட்டியவை. அவற்றை அகலப்படுத்தப் பணமும் காலமும் வேண்டும். அதுவரை நமக்குத் துணை, வேளையோடு எட்டும் ஒரு செய்தியும், அதை நம்பிச் சிவப்பு விளக்கைப் போடும் ஒரு மனிதரும்தான்.

அரியலூருக்கும் தனுஷ்கோடிக்கும் சரித்திரத்தில் இடம் உண்டு. நடக்காமற்போன விபத்துக்கு யாரும் நினைவுத்தூண் எழுப்புவதில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றது. 800 பேர் தாமதமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். எழுதிவைக்க வேண்டிய சரித்திரம் அதுவும்தான்.