தானாகத் திறக்கட்டும்

திருவல்லிக்கேணியில் டிடிபி தொழில் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி, ஆய்வேடு, தேர்தல் வந்தால் துண்டறிக்கை. கணினியைப் போட்டதும் எங்களுக்கு முதலில் வேண்டியது தமிழ்த் தட்டச்சு மென்பொருள். முரசு அஞ்சல், அழகி, இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் என்று ஆளுக்கொன்று பழகியிருப்போம். அது திரையின் கீழ்மூலையில் வந்து உட்கார்ந்தால்தான் வேலை ஓடும். அதனால் கணினி திறக்கும்போதே ஒரு மென்பொருளையும் சேர்த்துத் திறக்க வைக்கும் ஏற்பாடு எப்படியெல்லாம் மாறி வந்தது என்பதைக் கவனித்தே வந்திருக்கிறேன்.

டாஸ் காலத்தில் ஆட்டோஎக்ஸெக்.பேட் என்று ஒரு கோப்பு இருந்தது. கணினி எழுந்ததும் அதிலுள்ள கட்டளைகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக நிறைவேற்றும். கடைசி வரியில் 'வின்' என்று எழுதிவைத்தால் விண்டோஸ் தானே திறந்துகொள்ளும். விண்டோஸுக்குள் எது திறக்க வேண்டும் என்பதை வின்.ஐ.என்.ஐ. கோப்பு சொல்லும். அதில் 'லோட்' வரியில் எழுதியது சிறு ஐகானாகச் சுருங்கிக் கிடக்கும். 'ரன்' வரியில் எழுதியது முழுதாக விரியும். இதைத் திருத்தத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருந்தால் அதிகம்.

1991-இல் ஆப்பிள் தன் சிஸ்டம் 7-இல் இதற்கென்றே ஒரு ஃபோல்டர் வைத்தது. மறு ஆண்டு வந்த விண்டோஸ் 3.1-இல் 'ஸ்டார்ட்அப்' என்ற குழு வந்தது. வேண்டிய ஐகானை மவுஸால் இழுத்து அதில் போட்டால் தீர்ந்தது. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். இந்த ஒருமுறை மட்டும் வேண்டாமென்றால், விண்டோஸ் திறக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் போதும். விண்டோஸ் 95 அதையே ஸ்டார்ட் மெனுவுக்குள் ஃபோல்டராக வைத்தது. இதைவிட நல்ல ஏற்பாடு விண்டோஸில் அதற்குப் பிறகு வரவில்லை என்பேன். என்ன ஓடப்போகிறது என்பது கண்ணெதிரே இருந்தது. மாற்றும் உரிமையும் உட்கார்ந்து வேலை செய்பவர் கையில் இருந்தது.

ஆனால் அதே விண்டோஸ் 95-இல் கொல்லைப்புறக் கதவு ஒன்றும் இருந்தது. ரெஜிஸ்ட்ரி என்னும் உள்கணக்கில் 'ரன்' என்று ஓர் இடம். நிறுவப்படும் மென்பொருள்கள் நம்மைக் கேளாமல் தங்கள் பெயரை அங்கே எழுதிக்கொண்டன. பாட்டுப் போடும் மென்பொருள், பிரிண்டரோடு வந்தது, அரட்டைக்கு வைத்தது, எல்லாம் காலையில் முண்டியடித்து எழும். 2000 மே மாதம் மின்னஞ்சலில் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸும் கணினி திறக்கும்போதெல்லாம் ஓடுவதற்கு இதே இடத்தில்தான் எழுதிக்கொண்டது.

விண்டோஸ் 98-இல் எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவி வந்தது. ஒரு டிக்கை எடுத்து ஒன்றை நிறுத்தலாம். விண்டோஸ் 2000-இல் அது இல்லை. பிறகு வந்த எக்ஸ்பியிலிருந்து அந்தக் கோப்பை நகலெடுத்துப் போட்டு ஓட்டினோம். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதிய ஆட்டோரன்ஸ் என்ற கருவியைத் திறந்து பார்த்தால், தானாகத் தொடங்க எத்தனை இடுக்குகள் இருக்கின்றன என்று மலைப்பாக இருக்கும்.

2012-இல் விண்டோஸ் 8, டாஸ்க் மேனேஜரிலேயே தானாகத் திறப்பவற்றின் பட்டியலைக் காட்டியது. எது எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்றும் சொன்னது. நல்ல வேலை. ஆனால் அதே பதிப்பில் ஸ்டார்ட் மெனு போனது, கூடவே ஸ்டார்ட்அப் ஃபோல்டரும் பார்வையிலிருந்து போனது. ஃபோல்டர் இன்றும் இருக்கிறது. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, 'ஷெல்:ஸ்டார்ட்அப்' என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் திறக்கும். இதை யாராவது சொல்லித் தராமல் எப்படித் தெரியும்? நிறுத்துவது எளிதானது, சேர்ப்பது 1992-இல் இருந்ததைவிடக் கடினமானது.

லினக்ஸில் ஃப்ரீடெஸ்க்டாப் குழுவின் பொது விதிப்படி 'ஆட்டோஸ்டார்ட்' என்று ஒரு ஃபோல்டர். மென்பொருளுக்கு ஒரு சிறு உரைக்கோப்பு. க்னோம், கேடிஈ என்னும் திரைச்சூழல்கள் இரண்டும் அதையே படிக்கும். அடித்தளம் செம்மையானது. ஆனால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் இதற்கென உள்ள சன்னலில் 'சேர்' என்றால் கட்டளையை எழுதச் சொல்லும். கட்டளை தெரிந்தவருக்கு அந்தச் சன்னலே தேவையில்லை. க்னோம் ட்வீக்ஸ்தான் நிறுவிய மென்பொருள்களின் பட்டியலைக் காட்டி, அதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னது. மேக்கில் இன்னும் எளிது: கீழே டாக்கில் உள்ள ஐகானை வலச்சொடுக்கினால், லாகின் ஆனதும் திறக்கலாம் என்ற தேர்வு அங்கேயே இருக்கிறது.

2019 மே மாதப் பதிப்பில் விண்டோஸ் 10, தமிழ் 99 விசைப்பலகையைத் தன்னுள்ளேயே கொண்டுவந்தது. அதில் தட்டுபவர்களுக்கு இந்தப் பாடு தீர்ந்தது. பழைய தட்டச்சு முறையிலும் பழைய எழுத்துருக்களிலும் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்குத் தீரவில்லை. விண்டோஸ் அமைப்புகளில் உள்ள ஸ்டார்ட்அப் பட்டியலில் நிறுத்தவும் இயக்கவும் பொத்தான் உண்டு. புதிதாகச் சேர்க்க இல்லை. விண்டோஸ் செய்கிறவர்களே, அந்த ஒரு பொத்தானை வையுங்கள். தமிழ் மென்பொருள் எழுதுகிறவர்களே, நிறுவும்போது 'கணினி திறந்ததும் இதுவும் திறக்கட்டுமா?' என்று தமிழில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.