வேண்டல், வாதிடல், இணங்கவைத்தல்: ஆங்கில வினைச்சொற்கள்

ஒருவர் இன்னொருவரின் எண்ணத்தையோ செயலையோ பேச்சால் மாற்ற முற்படுவதைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு பெரிய சொற்குடும்பமே இருக்கிறது. பெக், ப்ளீட், இம்ப்ளோர், பிசீச், அர்ஜ், ஆர்க்யூ, கோக்ஸ், கன்வின்ஸ், பர்சுவேட் ஆகியவை இதில் முக்கியமானவை. அகராதிகள் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்தாலும் இவை ஒன்றுக்கொன்று ஈடானவை அல்ல. பேசுபவர் எந்த நிலையில் இருக்கிறார், எதைக் கொண்டு மனத்தை மாற்றப் பார்க்கிறார், பேச்சு பலித்ததா என்ற மூன்று கேள்விகள் இவற்றை வேறுபடுத்துகின்றன. இவற்றுள் மூன்றாவது கேள்வியே தலையாயது.

பேசுபவரின் நிலையும் கருவியும்

தாழ்ந்து நின்று கேட்பதற்கு உரியவை பெக், ப்ளீட், இம்ப்ளோர், பிசீச். பெக் பிச்சை கேட்பதையும் குறிக்கும். இம்ப்ளோர் அழுகையைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. கண்ணீர் மல்கக் கெஞ்சும் தீவிரம் இன்றும் அதில் உண்டு. பிசீச் பழைய ஆங்கிலச் சொல்; இன்று வழிபாட்டு நடையிலும் இலக்கியத்திலுமே மிகுதியாகக் காணப்படுகிறது.

சமநிலையில் காரணம் காட்டிப் பேசுவது ஆர்க்யூ. ‘தட்’ என்ற இணைப்புச்சொல் தொடர்ந்தால் அது ஒரு கருத்தை நிறுவுவது. ‘வித்’ தொடர்ந்தால் பெரும்பாலும் வாக்குவாதம். அர்ஜ் அழுத்தித் தூண்டுவது. எக்ஸார்ட் மேடையிலிருந்து அறிவுறுத்துவது போன்ற தொனி உடையது. கோக்ஸ், கஜோல், வீடில் மூன்றும் நயமாகப் பேசிக் காரியம் சாதிப்பவை. கோக்ஸில் பொறுமையும் கனிவும் தெரியும். கஜோலில் முகத்துதி கலந்திருக்கும். வீடிலில் தன்னலமும் தந்திரமும் மேலோங்கும்.

முயற்சியும் பலனும்

ஒரு பெண் தன் தம்பியிடம் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறாள் என்று கொள்வோம். ‘அர்ஜ்’ செய்தாள், ஆனால் அவன் போகவில்லை என்று ஆங்கிலத்தில் தடையின்றி எழுதலாம். அதே இடத்தில் ‘பர்சுவேட்’ என்று எழுதினால் வாக்கியம் முரண்படும். அவன் இணங்கினான் என்பது அந்த வினையிலேயே அடங்கியிருக்கிறது. பலிக்காத நிலையைச் சொல்ல வேண்டுமானால் ‘பர்சுவேட் செய்ய முயன்றாள்’ என்றே எழுத வேண்டும்.

இந்த வேறுபாட்டை ஆக்ஸ்போர்டு மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் தெளிவாக விளக்கினார். 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரைகள், அவரது மறைவுக்குப் பின் 1962இல் நூலாயின. பேசும்போதே நிகழும் செயல் ஒருவகை. பேச்சின் விளைவாகக் கேட்பவரிடம் நிகழும் மாற்றம் வேறுவகை. அர்ஜ் முதல்வகை, பர்சுவேட் இரண்டாம் வகை.

முயற்சி வினையைப் பலன் வினையாக்கவும் ஆங்கிலத்தில் வழி உண்டு. டாக், ஆர்க்யூ போன்றவற்றோடு ‘இன்டு’ சேர்த்தால் பேசியே ஒன்றைச் செய்யவைத்தார் என்றும், ‘அவுட் ஆஃப்’ சேர்த்தால் பேசியே அதைக் கைவிடச் செய்தார் என்றும் பொருள்படும்.

கன்வின்ஸும் பர்சுவேடும்

கன்வின்ஸ் நம்பவைப்பதற்கு, பர்சுவேட் செய்யவைப்பதற்கு என்பது மரபான பகுப்பு. கன்வின்ஸின் லத்தீன் வேர் வெல்லுதலைக் குறிக்கும். பர்சுவேடின் வேர் இனிமையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்க வழக்கில் கன்வின்ஸும் செயலைக் குறிக்கப் பரவலாக வழங்குகிறது.

நீதிமன்ற வழக்கு

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் நீதிமன்ற மொழியாகப் பிரெஞ்சு வேரூன்றியது. ப்ளீட் அவ்வழியே வந்த சொல். பொதுமக்களுக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை என்ற காரணத்தால், வழக்குகளில் ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்று மூன்றாம் எட்வர்டின் ஆட்சியில் 1362இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது.

குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் மறுப்பதற்கும் ப்ளீட் என்பதே வினை. இங்கே கெஞ்சுதல் என்ற பொருளுக்கு இடமில்லை. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் (1908) ‘ப்ளீடிங்’ என்பது வழக்குரையையும் எதிர்வழக்குரையையும் குறிக்கும். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ‘அரசு பிளீடர்’ என்ற பதவிப்பெயர் இன்றும் வழங்குகிறது.

முயற்சி, பலன் என்ற வேறுபாட்டுக்குச் சட்டத்திலும் எடை உண்டு. 2024 வரை நடைமுறையில் இருந்த 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் குற்றத்துக்குத் தூண்டுவதை ‘இன்ஸ்டிகேட்’ என்றது. ஒருவரைக் கொலை செய்யும்படி தூண்டி, தூண்டப்பட்டவர் மறுத்துவிட்டாலும் அச்சட்டப்படி தூண்டியவர் குற்றவாளியே. பேச்சு பலித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கவில்லை.

தமிழாக்கம்

தமிழில் கெஞ்சு, மன்றாடு, இறைஞ்சு, வற்புறுத்து ஆகியவை முயற்சியைச் சொல்பவை. பலனைச் சொல்ல ‘வை’, ‘செய்’ என்னும் துணைவினைகள் வேண்டும்: இணங்கவை, சம்மதிக்கவை, கைவிடச்செய். பர்சுவேடை ‘வற்புறுத்து’ என்று பெயர்த்தால் செய்தியே மாறிவிடும். வேலைநிறுத்தத்தைக் கைவிடும்படி தொழிலாளர்களை அமைச்சர் வற்புறுத்தினார் என்று படிப்பவர், போராட்டம் தொடர்வதாகவே எண்ணுவார். மூலத்தில் பர்சுவேட் இருந்தால் போராட்டத்தைக் கைவிடத் தொழிலாளர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பதே செய்தி. எனவே மொழிபெயர்ப்பாளர் முதலில் பார்க்க வேண்டியது, கேட்பவர் இணங்கினாரா என்பதையே.